கல்வெட்டில் நந்தினி இல்லை

அன்புள்ள பாப்பா,

பத்திரிகை வேலையை விட்டுவிட்டேன், ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையை நாவலாக எழுதப்போகிறேன் என்று நீ போனில் சொன்னபோது ‘சரிம்மா’ என்று மட்டும்தான் சொன்னேன். சம்பளக் கவலையெல்லாம் அம்மாவுக்கு. என் கவலை வேறு.

போன வாரம் பஸ் ஏறி காட்டுமன்னார்கோயில் போனேன். உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து மேலெழும்புகிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. கூட்டிப் படிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்லி, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. ஆனால் நிருபர் கண்ணோடு பார், அது கொலைச் செய்தியே இல்லை. சொத்து பறிமுதல் உத்தரவு! உறவுக்காரர்களின் சொத்தையும் விடவில்லை. எங்கே கொன்றார்கள், எப்படி, யார் தூண்டினார்கள் என்று ஒரு வரி இல்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனைச் சந்தேகித்தார், மற்றவர்கள் மறுத்தார்கள். கல்கியும் பத்திரிகைக்காரர்தான். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடரில் வாராவாரம் அந்த இடைவெளியை நிரப்பினார். ரவிதாசன் கல்வெட்டிலிருந்து வந்தவன், நந்தினி அவர் பேனாவிலிருந்து.

நான் நிற்கும்போதே வேனில் வந்த பையன்கள், “நந்தினி பேரு எந்தப் பக்கம்?” என்று குருக்களைக் கேட்டார்கள். அவருக்குப் பழகிவிட்டது போல, சிரித்துக்கொண்டே போய்விட்டார். எழுத்தின் பலம் அது. எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

நான் பகுதிநேர நிருபராக இருந்தபோது, வெள்ளச் செய்தி ஒன்றை நேரில் போகாமல் போனில் கேட்டே எழுதினேன், ஞாபகமிருக்கிறதா? செத்ததாகப் போட்ட ஆள் மறுநாள் காலை பேப்பரோடு நம் வாசலில் நின்றார். “என்ன சார், நான் போய்ட்டனாமே?” அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். அடுத்த நாள் இரண்டு வரித் திருத்தம் வந்தது. ரவிதாசன் அப்படி வாசலுக்கு வரமாட்டான். நீ அவன்மேல் எதைப் போட்டாலும் அது நின்றுவிடும்.

கற்பனை செய்யாதே என்று சொல்லவில்லை. தாராளமாகச் செய். புத்தகத்தின் கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கி, இது கல்லில் இருப்பது, இது நான் சேர்த்தது என்று எழுதிவிடு. பதிப்பாளர் சுவாரஸ்யம் கெடும் என்பார். கேட்காதே.

முதல் 3 அத்தியாயம் முடிந்ததும் அனுப்பு, பிழை பார்த்துத் தருகிறேன். அப்புறம், பி.எஃப். பணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா