வரி மாறும்போது விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்: வீட்டு உபயோகப் பொருள் கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்தில் டிவி, ஏசி, ஃபிரிட்ஜ் விற்கும் கடைகளின் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

உங்களைப் போன்ற ஒருவரின் ஷோரூமில் பல ஆண்டுகளாக விற்பனைத் தளத்தில் நிற்பவன் நான். வரியில் ஏதாவது மாற்றம் வந்து வியாபாரம் தடுமாறினால் முதலில் ஆட்களைக் குறைப்பது என்ற பழக்கம் நம் தொழிலில் ஊறிவிட்டது. அதை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2025 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி குறையப் போகிறது என்று ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் 28 சதவீதத்தை 18 ஆக்கி, செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. அது நடைமுறைக்கு வந்தது 22ஆம் தேதி. இடைப்பட்ட நாட்களில் கடைக்கு வந்தவர்கள் விலையைக் குறித்துக்கொண்டு, "22-க்குப் பிறகு வருகிறோம்" என்று போய்விட்டார்கள். கல்லா காய்ந்தது. உடனே எங்கள் கடையில் சிலரிடம், "கூப்பிடும்போது வந்தால் போதும்" என்று சொல்லிவிட்டார்கள். துணிக்கடைகள் தீபாவளிக்கு ஆள் தேடும் காலம் அது. போனவர்கள் அங்கே சேர்ந்துவிட்டார்கள்.

22-க்குப் பிறகு கூட்டம் வந்தது, கேள்விகளோடு வந்தது. முன்பு 40,000 ரூபாய் விலை சொன்ன ஏசியை இப்போது 36,875 என்றதும் ஒரு பெரியவர் கோபப்பட்டார். "வரி பத்து சதவீதம் குறைந்தால் 4,000 குறைய வேண்டாமா? மீதி எங்கே?" நியாயமான சந்தேகம்தான். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். வரி போக ஏசியின் விலை 31,250. அதற்கு 28 சதவீதம் 8,750, 18 சதவீதம் 5,625. வித்தியாசம் 3,125. ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்துவிட்டு, ஏசியை வாங்கிப் போனார். கணக்குப் போட ஆள் இல்லாதிருந்தால், 875 ரூபாயைக் கடைக்காரர் அமுக்கிவிட்டார் என்றுதான் ஊரெல்லாம் சொல்லியிருப்பார். அடுத்தவர் ஃபிரிட்ஜுக்கு ஏன் குறையவில்லை என்று கேட்டார். ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் 2018 ஜூலையிலேயே 18 ஆகிவிட்டது என்பதை அவருக்கும் யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

ஜிஎஸ்டியாவது பில்லில் தெரிகிறது. சுங்க வரி தெரிவதே இல்லை. இறக்குமதியாகும் டிவிக்கு 2017 டிசம்பரிலும், ஏசி, ஃபிரிட்ஜுக்கு 2018 செப்டம்பரிலும் அது 20 சதவீதமாக உயர்ந்தது. இங்கேயே பாகங்களைச் சேர்த்துச் செய்த டிவிக்கும், பேனல் எனப்படும் திரைப் பகுதி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. ரூபாய் மதிப்பு சரிந்தாலும் விலை ஏறும். இவற்றில் எதுவும் உங்கள் கையில் இல்லை. ஆன்லைனிலும் கிட்டத்தட்ட அதே விலைதான். உங்கள் கையில் இருப்பது, தளத்தில் யாரை நிறுத்துகிறீர்கள் என்பது மட்டும்.

அதையும் பலர் கம்பெனிகளிடம் விட்டுவிட்டீர்கள். எங்களோடு நிற்பவர்களில் பலர் டிவி, ஏசி கம்பெனிகள் அனுப்பும் புரமோட்டர்கள். மேற்கு பார்த்த, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறைக்கு ஒரு டன் ஏசி போதாது என்று அப்படிப்பட்ட ஒரு புரமோட்டருக்குத் தெரியும். ஆனால் அவர் கம்பெனியின் ஒன்றரை டன் கையிருப்பில் இல்லையென்றால், மாத இலக்குக்காக ஒரு டன்னையே தலையில் கட்டிவிடும் நெருக்கடி அவருக்கு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இலக்கு தப்பினால் ஊக்கத்தொகை போய்விடும். ஆனால் ஏப்ரலில் அறை குளிரவில்லை என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவது உங்கள் கடைக்குத்தான்.

அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்றொரு பெரிய மின்னணுக் கடைத் தொடர் இருந்தது. சம்பளம் அதிகம் என்று சொல்லி 2007 மார்ச்சில் சுமார் 3,400 கடை ஊழியர்களை நீக்கியது. அனுபவசாலிகள் போனார்கள். 2008 நவம்பரில் திவால் மனு, அடுத்த ஆண்டு எல்லாக் கடைகளும் மூடல். பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது உண்மைதான். ஆனால் அந்த நெருக்கடி வந்தபோது விவரம் தெரிந்த ஆட்கள் தளத்தில் இல்லை.

இன்னொன்று. ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று நம் மாநிலம் 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கூட்டமில்லாத மதிய நேரத்திலும் உட்கார விடாத கடைகள் இன்னும் இருக்கின்றன. மாலையில் கால் வீங்கி நிற்பவரிடம் பொறுமையான விளக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கோடை ஏசி வியாபாரம் தொடங்கும் முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் உங்கள் சொந்தச் சம்பளத்தில் அனுபவமுள்ள ஒருவரையாவது வையுங்கள். வரி அறிவிப்புக்கும் அமலுக்கும் இடைப்பட்ட மந்த நாட்களில் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அந்த நாட்களில் புதிய விலையையும் வரிக் கணக்கையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். நாற்காலிகளை வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு விற்பனையாளர்