எரியாத விளக்கு

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாதேசு,

கடிதம் வந்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே தோப்பெல்லாம் பூவெடுத்து நிற்கிறது.

உன் குட்டியானை வண்டி எட்டு வயதைத் தாண்டிவிட்டதால் இனி எஃப்சி, அதாவது தகுதிச் சான்று, வருஷத்துக்கு ஒருமுறை. இரண்டு வருஷக் கணக்கு முடிந்தது. மாங்காய் லோடு தொடங்கும் முன்பே காட்டிவிடு. பெயின்ட், இண்டிகேட்டர், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் ஒளிரும் ஒட்டு, இதையெல்லாம் நீ சொல்லாமலே பட்டறைக்காரர் செய்துவிடுவார். டாஷ்போர்டை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஒரு லைட்டும் எரியல, வண்டி சுத்தமா இருக்கு" என்று எழுதியிருக்கிறாயே, அதில்தான் எனக்குச் சந்தேகம். ஹேண்ட் பிரேக்கைத் தூக்கிவைத்து, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார். ஆயில் கேன் படம், பேட்டரி படம், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி மூன்றும் சிவப்பாக எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் முதல் இரண்டும் அணையும். ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் மூன்றாவதும் அணையும். சாவி போட்டபோதே எரியாத விளக்கு, ஓட்டத்தில் எரிகிற விளக்கைவிட மோசம். ஆபத்து வந்தாலும் அது வாய் திறக்காது.

ஆயில் விளக்கு எரியாவிட்டால், எஞ்சின் பிளாக்கில் உள்ள ஆயில் சுவிட்சிலிருந்து ஒற்றை ஒயரைக் கழற்றி, சாவி போட்ட நிலையில் பாடியில் தொட்டுப் பார். எரிந்தால் சுவிட்ச் போச்சு. எரியாவிட்டால் பல்போ ஒயரோ. பேட்டரி விளக்கின் பல்பையும் அற்பமாக நினைக்காதே. பல பழைய வண்டிகளில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரமே அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு பீஸ் போனால் சார்ஜும் ஏறாமல் போகலாம். ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

இனி பிரேக். ஆச்சரியக்குறி எரிந்தது, பிரேக் ஆயில் ஊற்றினேன், அணைந்துவிட்டது என்கிறாய். அடப்பாவி! பிரேக் ஆயில் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் குறையாது. ஒன்று, எங்கோ கசிகிறது. இல்லையென்றால் சக்கரத்தட்டை அழுத்திப் பிடிக்கிற பேட் தேய்ந்து, அதைத் தள்ளும் காலிபர் பிஸ்டன் வெளியே வந்த இடத்தை ஆயில் போய் நிரப்பியிருக்கிறது. மேலே ஊற்றினால் விளக்கு அணையும், பேட் வளராது. சக்கரத்தைக் கழற்றிப் பேட்டையும் டிரம் ஓரத்தில் கசிவையும் பார்த்த பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். பிரேக் ஆயில் டப்பா மூடியிலேயே மிதவை உள்ளதாக இருந்தால், சாவி போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, மூடியைத் தூக்கு. மிதவை கீழே விழும், விளக்கு எரிய வேண்டும்.

ஆயில் பழுப்பு நிறமாக இருந்தால் முழுக்க மாற்று. இரண்டு வருஷம் போதும் அதற்கு. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கிவிடலாம். சேலத்துக்கு லோடு ஏற்றித் தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால், சூட்டில் உள்ளேயே ஆவி கட்டி, பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும். அங்கே இரண்டாவது கியரில் இறங்கு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் உன் டிரைவருக்கு இருந்தால், முதலில் அதை நிறுத்து.

மருமகன் காரில் எரிகிற மஞ்சள் எஞ்சின் விளக்கு வேறு ரகம். நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனர் போட்டால் கோளாறின் எண் வரும். சிமிட்டினால் சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டச் சொல். புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வெந்துபோனால் செலவு பெரிது. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பதாக யாராவது சொன்னால் விடாதே. எண் அழிந்துவிடும், கோளாறு அங்கேயே இருக்கும்.

எஃப்சிக்குப் போகும் முன் புகைச் சான்றும் இன்சூரன்ஸும் தேதி தாண்டவில்லையா என்று பார்த்துக்கொள்.

மூடியைத் தூக்கியபோது விளக்கு எரிந்ததா என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
கோவிந்தன்