தெற்கத்தியான் எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் கோபம் வந்துவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் குடும்ப குரூப்பில் ஒரு ஆடியோ போட்டிருந்தாய். வடக்கன் வந்து திருப்பூரையே பிடுங்கிக்கொண்டான் என்று யாரோ கத்துகிறான். உன் சித்தப்பா கைதட்டும் பொம்மை போட்டார். நான் இரண்டு தடவை கேட்டேன். எல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் காதில் விழுவதில் பாதி இந்திதான். எங்கள் பனியன் கம்பெனியில் பவர் டேபிள், அதாவது தையல் மிஷின் லைனில் தமிழ் ஆட்கள் நாலே பேர். அம்மாவுக்கு அது ஒரு மாதிரி இருக்கிறது. எனக்கும்தான்.

ஆனால் 1987-ல் நான் தேனியிலிருந்து திருப்பூருக்கு வந்து, தைக்கிறவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் சேர்ந்தபோது, லைன் வீடு கேட்டுப் போனால் "எந்தூருங்க?" என்பார்கள். ஊரைச் சொன்னதும், "தெற்கத்தியானுக்கு விடறதில்லைங்க" என்று மரியாதையாகவே கதவைச் சாத்துவார்கள். தெருவில் சைக்கிள் காணாமல் போனால் முதலில் எங்கள் ரூமைத்தான் வந்து பார்ப்பார்கள். அந்த ஊரைத்தான் நீ இப்போது 'நம்ம ஊர்' என்கிறாய்.

எனக்கு வயிறு எரிந்தது வேறு விஷயத்தில். ஒரு தடவை பீஸ் ரேட்டை ஏற்றிக் கேட்டு வேலையை நிறுத்தினோம். மூன்றாம் நாள் முதலாளி ஹாஸ்டலிலிருந்து முப்பது வடநாட்டுப் பையன்களை வேனில் கொண்டுவந்து உட்காரவைத்தார். பழைய ரேட், தினமும் ஒன்றரை ஷிப்ட். நாங்கள் எதற்குக் கேட்டுக்கு வெளியே நிற்கிறோம் என்றே அந்தப் பையன்களுக்குத் தெரியாது. அவர்கள் பாஷையில் சொல்ல எங்களுக்கும் தெரியவில்லை. முதலாளி நல்ல தமிழ் பேசுவார்.

2023 மார்ச்சில் நடந்ததை மறந்திருக்க மாட்டாய். பீகார்க்காரர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. ஒன்று பீகார் ஆட்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தகராறு என்று டிஜிபி சைலேந்திர பாபுவே சொன்னார். பீகார் அரசு நாலு பேர் குழுவை அனுப்பி விசாரித்தது. நம் லைன் வீட்டுக் கடைசி ரூமில் ஆறு பையன்கள். ஹோலிக்கு டிக்கெட் எடுத்தவன் போனான், எடுக்காதவனும் பையைத் தூக்கினான். ஒருவன் மட்டும் சாவியைக் கொடுக்க வந்தவன், போனில் அந்த வீடியோ ஒன்றைக் காட்டி, "இது எந்த இடம் சாச்சா?" என்றான். எனக்கும் தெரியவில்லை. ஆனால் பின்னால் கடைப் பலகையில் இருந்த எழுத்து தமிழே இல்லை. விரல் வைத்துக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, எப்படி நம்புவான்? என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் உன் குரல் போனில் அப்படித்தான் இருந்தது. நீ இருக்கும் இங்கிலாந்தில், சவுத்போர்ட்டில் மூன்று பெண்குழந்தைகளைக் குத்திக் கொன்றவன் படகில் வந்த அகதி என்று கிளப்பிவிட்டார்கள். அந்த நாட்டிலேயே, கார்டிஃபில் பிறந்தவன் என்று போலீஸ் சொல்லியும் கூட்டம் அடங்கவில்லை. உங்கள் மிடில்ஸ்பரோவில் காரை மறித்து, நீ வெள்ளைக்காரனா என்று கேட்டார்கள். நீ விளக்கை அணைத்துவிட்டு மூன்று நாள் பிரெட்டைத் தின்றுகொண்டு கிடந்தாய். அம்மா சாமி படத்துக்கு முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. உன் தெருவில் இருந்த வெள்ளைக்காரனின் போனிலும் அன்று ஏதோ ஒரு ஆடியோ ஓடியிருக்கும்.

அந்தச் சாவிக்காரப் பையன் திரும்பி வந்துவிட்டான். இப்போது ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறான். போன மாதம் தொழிற்சங்கக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனேன். பேசியதில் பாதி புரியாமல் கொட்டாவி விட்டான், ஆனாலும் சந்தா கட்டிவிட்டான்.

சித்தப்பாவுக்கு நான் பதில் போட்டால் சண்டையாகிவிடும். ஆடியோவைப் போட்டது நீ, நீயே ஏதாவது எழுது. அம்மா பருப்புப்பொடி பார்சல் அனுப்பியிருக்கிறாள், வந்ததும் சொல்.

இப்படிக்கு,
அப்பா