இணையதளக் கோப்புகளுக்கும் ஒழுங்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், அலுவலகங்கள் எனப் பலவும் இன்று இணையதளம் வைத்திருக்கின்றன. முகப்புப் பக்கத்தின் வண்ணத்தைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசும் நிர்வாகிகள், தளத்தின் கோப்புகள் சர்வரில் (தளத்தைச் சேமித்து இணையத்தில் வழங்கும் கணினியில்) எந்தக் கோப்புறையில், என்ன பெயரில் இருக்கின்றன என்று கேட்பதே இல்லை. இந்த அலட்சியத்தால் அலைக்கழிக்கப்படுவது பொதுமக்களே என்பதை, தளப் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

அண்மையில் என் பொறுப்புக்கு வந்த ஒரு தளத்தில் சுற்றறிக்கை, விண்ணப்பப் படிவம், விழாப் படம், ஒப்பந்தப்புள்ளி அனைத்தும் ஒரே கோப்புறையில் கொட்டிக் கிடந்தன. 'ஸ்கேன்0001', 'நியூ', 'நியூ1', 'ஃபைனல்', 'ஃபைனல் லேட்டஸ்ட்' என்ற பெயர்களுக்கு நடுவே, நடப்பில் உள்ள படிவம் எது என்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. போதாக்குறைக்கு, விண்டோஸ் கணினி கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. சர்வர்களில் பரவலாக உள்ள லினக்ஸ் இயங்குதளம் அதைக் கறாராகப் பார்க்கும். எனவே பக்கத்தில் குறிப்பிட்ட பெயரும் கோப்பின் பெயரும் ஓர் எழுத்தில் இப்படி வேறுபட்டாலும், அலுவலகக் கணினியில் நன்றாகத் தெரிந்த படம் இணையத்தில் ஏற்றியதும் காணாமல் போக, பழி சர்வர்மீது விழுகிறது.

கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால், தமிழ் எழுத்துகள் இணைய முகவரியில் குறியீடுகளாக மாற்றப்படுவதால், 'கடலூர்' என்ற ஒரு சொல்லே சதவீதக் குறிகளோடு 54 எழுத்துகளாக நீண்டுவிடும். அதைத் துண்டறிக்கையில் அச்சிடவும் முடியாது, தொலைபேசியில் சொல்லவும் முடியாது. உள்ளடக்கம் தமிழில் இருக்க, கோப்பின் பெயர் மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளிக்குப் பதிலாகச் சிறு கோடு இட்டு அமைவதே இப்போதைக்கு உகந்தது. தேதியையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

கோப்புறைகளை முதலில் ஆண்டுவாரியாகவும், அதற்குள் பொருள்வாரியாகவும் பிரிப்பதே நல்லது என்பது என் கருத்து. பிரிவுகள் இணைக்கப்படும், துறைகளின் பெயர் மாறும், பொறுப்பாளர் மாற்றலாகிப் போவார். ஒரு சுற்றறிக்கை வெளியான ஆண்டு மட்டும் மாறாது. 'தானே' புயலுக்குப் பின் வந்த அறிவிப்பு ஒன்றைத் தேடுபவர் 2011 டிசம்பர் இறுதியிலிருந்துதானே தொடங்குவார்? வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, பக்கங்களின் முகவரிகள் மாறக் கூடாது என்று 1998-இலேயே வலியுறுத்தியபோது, ஆவணம் உருவான தேதி மாறாத ஒன்று என்பதையும் சுட்டிக்காட்டினார்.

இங்கே நடப்பதோ நேர்மாறு. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் தளம் புதுப்பிக்கப்படுகிறது. பழைய கோப்புறைகள் கலைக்கப்படுகின்றன. விண்ணப்பதாரர்கள் குறித்து வைத்த இணைப்புகளும், பிற தளங்கள் கொடுத்திருந்த இணைப்புகளும் ஒரே இரவில் '404' (பக்கம் கிடைக்கவில்லை) என்று கைவிரிக்கின்றன. முகவரியை மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதைத் தேடி வருபவரைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் '301' என்ற வசதி உண்டு. அதைச் செய்யத் தேவைப்படுவது சில வரிகளே. இன்னொன்று: தளத்தின் பேக்கப் (காப்பு நகல்) கோப்பைப் பொதுக் கோப்புறையிலேயே விட்டுச் செல்லும் பழக்கமும் இருக்கிறது. பெயரை ஊகித்தால் யார் வேண்டுமானாலும் அதைப் பதிவிறக்கி, உள்ளே இருக்கும் கடவுச்சொற்களைப் படித்துவிடலாம்.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-ஆம் பிரிவில், பொது அதிகார அமைப்புகள் ஆவணங்களை முறையாக வகைப்படுத்தி அட்டவணையிட்டுப் பராமரிக்க வேண்டும் என்கிறது. பதிவறை அலமாரிக்குக் காட்டும் அக்கறையைச் சர்வருக்கும் காட்டினால் போதும். இணையதளப் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, பழைய முகவரிகள் தொடர்ந்து இயங்க வேண்டும் என்பதையும், கோப்புறை அமைப்பை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பும் தளத்தின் முழு நகலும் நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்ட பிறகே இறுதித் தவணை வழங்கப்படும் என்பதையும் நிபந்தனைகளாகச் சேர்க்குமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பாளர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.