ஊசிக்கு ஐந்து நிமிடம், பயணத்துக்கு ஒரு நாள்

கிழக்கு மாகாணத்தில் உளநலச் சேவையைத் திட்டமிடுகிறவர்களுக்கு,

வெருகல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு மனநோய்க்காகப் பதினொரு வருடமாக மாதத்துக்கு ஒரு ஊசி. போட ஐந்து நிமிடம் போதும். அதற்காக விடிய முதல் எழும்பி, அவனைக் குளிக்கச் சொல்லிக் கெஞ்சி, கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு திருகோணமலைக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். திரும்பி வரப் பின்னேரமாகிவிடும். அன்றைக்கு இரண்டு பேருக்கும் கூலி இல்லை. போன மாரியில் வெள்ளம் ஏறி ஒரு கிளினிக் தவறியது. மூன்றாம் கிழமை தம்பி நித்திரையை விட்டான். ஐந்தாம் கிழமை வார்ட்டில் இருந்தான்.

சேவையைச் சனங்களின் பக்கம் கொண்டுவர வேண்டும் என்பது புதுக்கதையில்லை. 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கையே அதைச் சொன்னது. எதை முதலில் செய்வது என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

பகல்நேர நிலையம் கட்டுவதைக் கடைசிக்கு வையுங்கள். திறப்பு விழாவுக்கு அது நல்லது. ஆனால் டவுனில் கட்டினால் புல்மோட்டையிலிருந்து யார் தினமும் வந்து போவது?

மருத்துவக் குழு மாதம் ஒருமுறை பக்கத்து வைத்தியசாலைக்கு வந்தால் எங்களுக்குப் பாதிப் பாரம் குறையும். ஆனாலும் கிளினிக்குக்கு வருகிறவர் ஓரளவு சுகமாக இருக்கிறவர். வராமல் நின்றுபோனவரை யார் தேடுவது? கர்ப்பிணி எந்த வீட்டில் இருக்கிறாள் என்று மருத்துவிச்சி அம்மாவுக்குத் தெரியும். எங்கள் வீடுகளுக்கு அப்படி ஒருவர் வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஊர் ஆட்களையே எடுத்து இந்த வேலைக்குப் பயிற்றினார்கள். முதல் காசை அப்படி ஒருவருக்கும், ஒரு மோட்டார் சைக்கிளுக்கும், பெற்றோலுக்கும் ஒதுக்குங்கள். போர்டு எழுதிய வாகனம் மட்டும் வேண்டாம். அது படலையில் நின்றால் தங்கச்சிக்குப் பேசுகிற கல்யாணம் அன்றோடு நின்றுவிடும்.

வருகிறவருக்கு அந்தந்த ஊர்ப் பாஷையும் தெரிய வேண்டும். ஒருமுறை வைத்தியரின் அறையில் தம்பி சொல்வதை நான்தான் சிங்களத்தில் மாற்றிச் சொன்னேன். அக்கா தன்னை வீட்டில் பூட்டி வைக்கிறாள் என்று முறையிட்டான். அதையும் நானே சொன்னேன். நல்லவேளை, என் சிங்களம் அவ்வளவு திறமில்லை.

ஒரு பயமும் உண்டு. ஊருக்குள் சேவை வந்துவிட்டது என்று சொல்லி வார்ட்டில் கட்டில்களைக் குறைத்துவிடாதீர்கள். இத்தாலியில் 1978இல் சட்டம் போட்டுப் பெரிய மனநோய் வைத்தியசாலைகளை மூடத் தொடங்கினார்கள். எங்கள் திருகோணமலையைப் போலத் துறைமுகப் பட்டினமான அங்கத்தைய திரியெஸ்தே அதற்கு முன்பே ஊருக்குள் நிலையங்களைத் திறக்கத் தொடங்கியிருந்தது. இராப்பகல் திறந்திருக்கிற, சில கட்டில்களும் உள்ள நிலையங்கள் அங்கே வளர்ந்தன. அப்படி ஆயத்தம் செய்யாத இடங்களில் பாரம் முழுக்கக் குடும்பங்களின் தலையில் விழுந்தது. தம்பி நித்திரையில்லாமல் கிணற்றடியில் நின்ற அந்த இரவில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு கட்டில்தான். மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அப்படி ஒரு இரவு வராமல் தடுக்கலாம். அந்த இரவு வந்துவிட்டால் அவரால் என்ன செய்ய முடியும்?

ஐப்பசி பிறந்தால் மழை தொடங்கிவிடும். அதற்கு முதல் எங்கள் பக்கத்து வைத்தியசாலையில் அந்த மாத ஊசியையாவது போடத் தொடங்க முடியுமா?

இப்படிக்கு,
ஒரு அக்கா