கச்சான் காற்று தொடங்குமுன் பானை புதைக்க வேண்டும், கை கொடுங்கள்

வணக்கம். ஊவாவில், பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்கள் சேர்ந்து அமைத்த வீட்டுத்தோட்டக் குழு நாங்கள். காசு கேட்கத்தான் எழுதுகிறோம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மலையகம் என்றாலே குளிரும் மழையும்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஊவாவில் கதை வேறு. ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையை நுவரெலியா, ஹட்டன் பக்கமே வாங்கிக்கொள்ளும், மலை தாண்டி எங்களுக்கு வருவது காய்ந்த கச்சான் காற்றுதான். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுகிறது, சரி, ஆனால் லயத்து வாசலில் போட்ட கத்தரியும் போஞ்சியும் கருகிவிடும், பீலியில் தண்ணீர் நூலாக வரும், மரக்கறிக்குக் கடைதான் கதி.

குவைத், சவூதி என்று வேலைக்குப் போய்வந்த அக்காமார் பலர் இங்கே இருக்கிறார்கள். பாலைவனத்திலேயே தோட்டம் போடுகிறார்களே, நமக்கென்ன என்று கேட்டது அவர்கள்தான். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் வறண்ட நியூ மெக்சிகோவின் சூனி பழங்குடி மக்கள் பாத்தியை உயர்த்தாமல், சின்னச் சின்னச் சதுரமாகப் பிரித்துச் சுற்றிலும் மண் வரப்புக் கட்டி, ஊற்றிய தண்ணீர் ஓடாமல் பார்த்துக்கொண்டார்கள். மண்பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் பயிர் வைக்கும் முறையோ சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தது. மண் காயக் காயப் பானை தானாகக் கசியும், வாயை மூடிவைத்தால் வெயிலுக்குப் போவது கொஞ்சம்தான். இந்த இரண்டையும்தான் செய்யப்போகிறோம், மண் காயாமல் மேலே பரப்பும் மூடாக்குக்கு மானாப்புல் தாராளமாக இருக்கிறது. ஒக்டோபர் மழை வந்ததும் வரப்பை உடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். பாலைவனத்தில் இந்தத் தலைவலி கிடையாது.

குளம் வெட்டலாமே என்று சிலர் கேட்டார்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது இதே பதுளை மாவட்டத்தில்தான். லயத்துக்கு மேலே சரிவில் குழி வெட்டித் தண்ணீர் தேக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் ஏப்ரல் மழையைக் கூரையிலிருந்து பிடிக்க, கோயிலடிச் சமதரையில் 1,000 லீற்றர் தாங்கி நான்கு வைக்க நினைக்கிறோம்.

மண் வேலை எங்களுடையது, விதையும் வீடுகளில் உண்டு. வேண்டியது தாங்கி, கூரைப் பீலித் தகரம், குழாய், அப்புறம் 24 வீட்டுக்கும் மூன்று மூன்று பானை. ஒரு வீட்டுப் பானைக்கு 3,000 ரூபா என்று கணக்குப் போட்டிருக்கிறோம், 200 ரூபா தந்தாலும் சந்தோஷம்தான். கொழும்பில் இருக்கும் தம்பிமாரே, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, மார்ச் முடிவதற்குள் அனுப்பினால்தான் ஏப்ரல் மழையைப் பிடிக்க முடியும். ஊரில் உள்ள வீட்டார் மூலம் பொருளாளரிடம் சேர்த்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கு மாதாமாதம் கோயில் சுவரில் ஒட்டப்படும். பானையாகவே தருபவர்கள் பெயின்ட் அடித்ததையும் மெருகு பூசியதையும் தவிருங்கள், அவை கசியாது.