வேலைக்குச் சேரும் நாளிலேயே காதைச் சோதியுங்கள்: விசைத்தறி உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர், பல்லடம் வட்டாரங்களின் விசைத்தறி உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். என் அப்பா 31 வருஷம் தறி ஓட்டினார். அம்மா அதே பட்டறையில் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல் கண்டு, சுற்றினார். அந்தக் கூலியில்தான் நானும் தம்பியும் படித்தோம். இந்தத் தொழில் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையோடுதான் எழுதுகிறேன்.

போன மாசி மாதம் அப்பாவைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார் பரிசோதிக்கும் பெண். "சத்தம் கேட்டா அமுக்குங்கய்யா, எவ்வளவு சின்னதா இருந்தாலும் அமுக்குங்க" என்றார். அப்பா சரியாகத்தான் அமுக்கினார். நாலைந்து தடவைக்கு அப்புறம் அந்தப் பெண் எழுந்து போய் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். சத்தம் கேட்டு அப்பா அமுக்கவில்லை, கருவியில் அந்தப் பெண்ணின் கை நகர்வதைப் பார்த்து அமுக்கியிருக்கிறார். ஏமாற்றுகிற மனுஷர் இல்லை அவர். இருபத்துநாலு தறி ஒன்றாக ஓடும் இடத்தில் உதட்டையும் கையையும் பார்த்தே பேசிப் பழகியவர். சுவரைப் பார்த்து உட்கார்ந்த பிறகு அந்தப் பொத்தான் வெகுநேரம் அமுங்கவே இல்லை.

அச்சடித்துத் தந்த தாளில், எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோடு 1000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நேராக வந்தது. 4000 ஹெர்ட்ஸில் கிணற்றில் இறங்கியது போல விழுந்து கிடந்தது. இரைச்சலில் கெட்ட காதுக்கு அந்தப் பள்ளம்தான் அடையாளமாம். உட்காதில் மயிரிழை போன்ற செல்கள் இருக்கின்றன. ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. உயர்ந்த சுருதியைப் பிடிக்கிற செல்கள்தான் முதலில் போகின்றன. அதனால் 'ச', 'ஸ' மாதிரியான மெல்லிய ஓசைகள் முதலில் நழுவிவிடும், உயிரோசைகள் மட்டும் நிற்கும். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. என் மகள் "தாத்தா, காசு" என்று கை நீட்டினால், "காதுல என்ன கண்ணு?" என்று அவள் காதைப் பார்க்கிறார். இரவில் கூடவே ஒரு கூவல் சத்தம், தறி நின்று போன பிறகும் நிற்காத சத்தம்.

அப்புறம் அந்தப் பெண் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட் இருக்குங்களா?"

இல்லை. 31 வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. அப்பா வேலை பார்த்த பட்டறை முதலாளியிடம் போய்ச் சொன்னபோது, "வயசாச்சுல்ல கண்ணு" என்றார். தீபாவளிக்கு போனஸ் குறைக்காதவர், ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்பணம் தந்தவர். மனசறிந்து பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளில் காது எப்படி இருந்தது என்று ஒரு தாள் இருந்திருந்தால், அந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. பத்து வருஷத்துக்கு முன்னாலேயே கோடு சரிவதைப் பார்த்து அவரைத் தார் சுற்றும் பக்கமோ துணி மடிக்கும் பக்கமோ மாற்றியிருக்கலாம்.

இதெல்லாம் புதுக் கோரிக்கை இல்லை. 2025 நவம்பர் வரை இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இஎஸ்ஐ சட்டத்திலும் அது தொழில்சார் நோயாக இருந்தது. அந்தத் தொழிற்சாலைச் சட்டத்துக்கான மாதிரி விதிகளின்படி 90 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்றிருந்தது. 95 என்றால் 4 மணி, 100 என்றால் 2 மணி. அந்த அளவைத் தாண்டிய இடத்தில் வேலைக்கு வைத்தால், சேர்ந்த 14 நாளுக்குள் செவிப் பரிசோதனை, அதன் பிறகு 12 மாதத்துக்கு ஒரு தடவையாவது மறுபரிசோதனை. நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை) அடித்து ஓடும் தறிப் பட்டறையில் சத்தம் 90ஐத் தாண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதில் 12 மணி நேர ஷிப்ட் ஓடுகிறது.

"எங்களுது தொழிற்சாலையே இல்லையே, அஞ்சாறு ஆள்தானே" என்பீர்கள். சரி, சட்டப்படி அது உண்மையாகவே இருக்கலாம். மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. ஆனால் காதுக்கு ஆள் கணக்கு தெரியாது. ஆறு பேர் இருக்கும் பட்டறையிலும் நாடா அதே வேகத்தில்தான் பெட்டியில் போய் மோதுகிறது. உங்களில் பலர் வீட்டை ஒட்டியே தறி போட்டு, நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் சேர்ந்து ஓட்டுகிறீர்கள். உங்கள் வீட்டில் டிவி எவ்வளவு சத்தமாக வைக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

தொழிலாளிகள் காதில் வேஸ்ட் நூலை உருட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் பெரிய பயன் இல்லை. காதடைப்பான் வாங்கிக் கொடுத்தாலும், தறிச் சத்தம் மாறுவது தெரியாது என்று கழற்றி வைக்கிறவர்கள் உண்டு. அப்பாவும் அப்படிச் சொல்வார். அவர்களை மாட்ட வைப்பதற்கும் இந்தத் தாள்தான் உதவும். போன வருஷக் கோட்டையும் இந்த வருஷக் கோட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எவரும் யோசிப்பார்.

பரிசோதனைக்கு அரை மணி நேரம் போதும். வார விடுமுறை முடிந்து ஷிப்ட் ஏறுவதற்கு முன்னால் எடுங்கள். ஓய்வில்லாத காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும், அளவு தப்பும். ஒவ்வொரு பட்டறையும் தனியாகச் செய்ய முடியாது என்றால், சங்கம் சேர்ந்து செய்யலாம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். காது பார்க்கும் கருவியோடு தறிப் பகுதிகளுக்கும் வரச் சொல்லி அரசிடம் நீங்கள் கேட்டால் எடுபடும். மின் சலுகைக்குக் கேட்டு வாங்கியவர்கள்தானே நீங்கள். சோதித்த தாளில் ஒரு நகல் தொழிலாளி கையில் இருக்க வேண்டும், அவர் பட்டறை மாறினாலும் அது கூடவே போக வேண்டும். காது மந்தம் என்று தெரிந்ததும் ஆளை நிறுத்தக் கூடாது. இது ரொம்ப முக்கியம், இல்லாவிட்டால் பயந்துகொண்டு யாருமே வர மாட்டார்கள்.

கூலிக்கு நெய்து கொடுக்கும் உங்களுக்கு ஜவுளி உற்பத்தியாளர்கள் தரும் கூலியே கட்டுப்படியாகவில்லை என்பது எனக்கும் தெரியும். அந்தக் கூலி உயர்வுக்காகத் தறியை நிறுத்திப் போராடியிருக்கிறீர்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் மீட்டருக்கு இத்தனை பைசா என்று கேட்கும்போது இந்தச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். தொழிலாளர்களோடு போடும் ஒப்பந்தத்தில், சேரும்போது ஒரு தடவை, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை செவிப் பரிசோதனை என்று ஒரு வரி எழுதுங்கள்.

அப்பா விட்டுவந்த தறிகளை இப்போது பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஓட்டுகிறான். சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. அவனை முதலில் கூட்டிப் போங்கள்.

இப்படிக்கு,
தறிக்காரர் மகள் ஒருத்தி,
குமாரபாளையம்